தண்டியின் கோட்டம்

நூல் என்னும் சொல்லுக்கு நன்னூலார் காட்டும் உவமை ஒன்றுண்டு. தச்சனுடைய நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதுபோலப் புலவனுடைய நூல் மாந்தர் மனத்தின் கோணலைத் தீர்க்கும் என்பது அதன் கருத்து. பாயிரம் படிக்கும் மாணவர் யாவரும் இதனைப் பாடஞ்செய்வர், பரீட்சையில் எழுதுவர், மறப்பர். ஏறத்தாழ முப்பதாண்டாக இதனைப் படிப்பித்து வருகிறேன். ஆயின் இவ்வுவமையின் நுட்பம் எனக்குப் புலனான இடம் வகுப்பறையன்று. ஒரு தச்சாசாரியாரின் பட்டறை. அங்கே கண்டது இது: நூல் மரத்தின் கோணலைத் தீர்ப்பதில்லை. கோணல் எங்கே, எத்துணை என்று காட்டுவதே நூலின் தொழில். தீர்ப்பன உளியும் ஆப்பும். சில வேளைகளில் வெறுங் காத்திருப்பு.

இங்கே சொல்லவந்தது வீணைத் தண்டியின் கோணலை. தண்டி என்றவுடன் அலங்காரம் என்று முடிக்க வாயெடுக்கும் நண்பர்கள் பொறுத்தருள்க. இது வேறு தண்டி.

வீணையின் அமைப்பை ஒருமுறை நினைத்துக்கொள்வோம். ஒரு தலையிலே குடம். மறு தலையிலே யாளிமுகம். இரண்டையும் இணைத்து நிற்பது உள்ளே குடைந்த நீண்ட தண்டி. தண்டியின் மேலே, தேன்மெழுகும் கரித்தூளும் கலந்து இட்ட வரம்பிலே, இருபத்துநான்கு மெட்டுக்கள். வாசிக்குந் தந்தி நான்கு. பக்கத்திலே தாளத்துக்குரிய தந்தி மூன்று. இந்த ஏழு தந்திகளும் குடத்தின் ஓரத்தையும் யாளியின் பக்கத்துப் பிரடைகளையும் ஒன்றையொன்று நோக்கி இழுத்தபடியே இருக்கின்றன. வாசிப்பவர் உறங்கலாம்; தந்தி உறங்குவதில்லை. நாணேற்றிய வில்லைப் பல ஆண்டு சுவரிலே மாட்டிவைத்தால் அந்த மூங்கில் என்னாகுமோ, அது மெல்ல மெல்லத் தண்டிக்கும் நேர்கிறது. இரு தலைகளும் தந்தியை நோக்கி எழும்; நடு இடம் தாழும்.

வில்லைச் சொன்னது உவமைக்காக மட்டுமன்று. நம் பழைய யாழ் வில்லினின்று பிறந்தது என்பர். அதன் தண்டுக்குக் கோடு என்று பெயர். கோடுதல் வளைதல் அல்லவா? யாழுக்கு வளைவு அழகு, வளைவே உருவம். விபுலாநந்த அடிகள் யாழ்நூலிலே அக்கருவியின் உருவத்தையும் நரம்புகளின் அளவையும் கணித முறையால் ஆராய்ந்து காட்டினார். அந்நூல் 1947ஆம் ஆண்டு யூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறியது. அடுத்த மாதமே அடிகள் மறைந்தார். வளைந்த யாழ் போய் நேரான வீணை வந்தபோது, முன்னே குணமாயிருந்தது பின்னே குற்றமாயிற்று. யாழின் நரம்பு ஒவ்வொன்றும் ஒரு சுரத்துக்கே உரியது; அதனை மெட்டின்மேல் அழுத்தும் வேலை இல்லை. வீணையிலே ஒரே தந்தி பல மெட்டுக்களின்மேல் அழுந்திப் பல சுரந் தருகிறது. ஆகவே தந்திக்கும் மெட்டுக்கும் இடையேயுள்ள வெளி ஒரு நெல்லளவு மாறினாலும் சுரம் மாறிவிடும்.

எவ்வாறு மாறும் என்பதைச் சற்று விரித்தே சொல்லவேண்டும். ஆசிரியர்களிலே பலர் இதனைக் கருதுவதில்லை. நடு இடம் தாழ்ந்த தண்டியிலே, தந்தி மெட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கும். அதனை மெட்டிலே படுத்துவதற்கு விரல் மிகுதியாக அழுத்தவேண்டும். மிகுதியாக அழுத்தும்போது தந்தி மிகுதியாக இழுபடுகிறது. இழுபட்ட தந்தி சுருதி ஏறி ஒலிக்கிறது. விரலை வைக்காது மீட்டினால் சட்சம் சுத்தம். நடு மெட்டுக்களிலே அழுத்தினால் சுரங்கள் எல்லாம் சற்று உயர்ந்து நிற்கும். இதிலே பெருங்கொடுமை ஒன்றுண்டு. வீணையிலே தாழ்ந்த சுரத்தைத் தந்தியை ஒதுக்கி இழுத்து உயர்த்தலாம். உயர்ந்து நிற்கும் சுரத்தைத் தாழ்த்த விரலுக்கு வழியே இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு சங்கீதப் பரீட்சையிலே என் மாணவி ஒருத்தி சித்தியடையவில்லை. சுரஞானம் போதாது என்பது அவளுக்குக் கிடைத்த குறிப்பு. அவள் தமிழ் வகுப்பிலே செய்யுளை ஓதினால் ஓசை பிசகாது. வெண்பாவிலே தளை தட்டினால் ஏடு பாராமலே முகஞ்சுளிப்பவள். அத்தகையவளுக்குச் சுரஞானம் இல்லையென்பதை என் மனம் ஏற்கவில்லை. அவள் வாசித்த வீணை இரவல் வீணை. அதனைக் கொண்டுவரச் சொல்லி, குடத்தின் பக்கமாகக் கண்ணை வைத்துத் தண்டியின் விளிம்பு வழியே யாளியை நோக்கிப் பார்த்தோம். ஓடம்போல் இருந்தது! அவளுடைய காது சுரத்தைக் கேட்டது, விரலும் சரியான மெட்டிலே இருந்தது, மரம் கொடுக்கவில்லை. மறு ஆண்டு நல்ல வீணையோடு போய்ச் சித்தியடைந்தாள் என்பது உண்மை. ஆனால் அந்த ஒரு வருடம் முழுவதும் அவள் தன் காதைத் தானே சந்தேகித்தாளே, அதற்கு யார் விடை சொல்வது?

பழையவர்கள் இந்த விசாரணையைப் பிள்ளையிடமிருந்து தொடங்கவில்லை, மரத்திலிருந்து தொடங்கினார்கள். சிந்தாமணியிலே காந்தருவதத்தையின் மண்டபத்தில் யாழை நீட்டியவுடன் சீவகன் வாசிக்கத் தொடங்குவதில்லை. ஒவ்வொன்றாக வாங்கிப் பார்த்துக் குற்றஞ்சொல்லித் தள்ளுகிறான். நீரிலே நின்ற மரம், அழுகிய மரம், வெந்த மரம், இடிவிழுந்த மரம், நோயுற்ற மரம் என்று யாழுக்கு ஆகாத மரங்களை உரைகள் அடுக்கும். நரம்புக்கும் கொடும்புரி, மயிர், தும்பு, முறுக்கு என நாற்குற்றம் உண்டு. கொன்றை, கருங்காலி, முருக்கு, குமிழ், தணக்கு என்பன யாழுக்கு ஏற்ற மரங்கள் என்று பழைய செய்யுள் ஒன்று பேசும். இப்பகுதிகளை நாம் வகுப்பிலே காவியச் சுவைக்காகப் படிக்கிறோம். அவை தச்சுப் பட்டறையின் அறிவு என்பதை மறந்துவிடுகிறோம். நீரிலே நின்ற மரத்தால் தண்டி செய்தால், ஈரம் உலர உலர அது ஒரு பக்கமாகச் சுருங்கிக் கோணும். சீவகன் சொன்னது கவிதையும் ஆகும்; கைத்தொழிலும் ஆகும்.

இன்றைய வீணைக்குப் பலாவே மரம். தஞ்சாவூரிலே அதனால் செய்கிறார்கள். தஞ்சாவூர் வீணை 2013ஆம் ஆண்டு புவிசார் குறியீடும் பெற்றது. குடமும் தண்டியும் ஒரே மரத்திற் குடைந்தது ஏகாண்ட வீணை; தனித்தனி செய்து பொருத்தியது ஒட்டு வீணை. நம் வீடுகளிலே உள்ளவை பெரும்பாலும் ஒட்டு வீணைகளே. எங்கள் வீட்டு வீணையும் அந்த இனந்தான். 1968ஆம் ஆண்டு என் தாயார் தஞ்சாவூரிலே வாங்கி, இராமேசுவரத்திலிருந்து தலைமன்னாருக்கு வந்த கப்பலிலே மடியில் வைத்த குழந்தைபோலக் கொண்டுவந்தது. அக்கா அதிலே படித்தாள். பின் அதிலேயே படிப்பித்தாள்.

1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்துச் சனங்கள் மழைக்குள்ளே நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போன கதையை இந்தப் பத்திரிகை வாசகர்க்கு நான் சொல்லவேண்டியதில்லை. எங்கள் குடும்பமும் அந்தக் கூட்டத்திலே போயிற்று. அரிசி, உடுபுடவை, பத்திரங்கள், அம்மாவின் மருந்து. வீணை சுவரோரமாக, சுருதி சேர்த்தபடியே இருந்தது. ஊர் திரும்பியது 1996ஆம் ஆண்டு வைகாசியிலே. கூரையோடு பல இடங்களிலே நொறுங்கியிருந்தது. மாரி முழுவதும் அறைக்குள் பெய்திருக்கிறது. தந்திகள் துருவேறிய நிலையிலும் இறுக்கமாகவே இருந்தன. ஆறு மாதம் ஈரத்திலே நின்று, தளராத ஏழு தந்திகளைத் தாங்கிய தண்டி கண்ணுக்குத் தெரியவே வளைந்திருந்தது. அக்கா அதனைத் தொடவில்லை. தூணோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பார்த்தவர் ஒருவர், தண்டியை அறுத்தெறிந்து புதிது பூட்டவேண்டும் என்றார். அக்காலத்திலே தஞ்சாவூர்த் தண்டிக்கு எங்கே போவது? இன்னொருவர், மேற்பலகையைச் சீவி மட்டப்படுத்தலாம் என்றார். கடைசியிலே கோயில் வாகனமும் தேரும் செய்யும் முதிய ஆசாரியார் ஒருவரிடம் கொண்டுபோனோம். வீணை செய்தறியாதவர். அதை முதலிலேயே சொல்லிவிட்டார். ஆனால் மரத்தை அறிந்தவர்.

“தம்பி, வெட்டின மரமும் மூச்சு விடும். அவசரப்படாதையும். முதலிலை இறுக்கத்தை அவிழ்ப்பம், உளியைப் பிறகு எடுப்பம்,” என்றார்.

தந்திகளைத் தளர்த்தினார். பிறகு தண்டியின் விளிம்போடு நூலைப் பிடித்தார். நடுவிலே நூலுக்கும் மரத்துக்கும் இடையே ஒரு நெல்லும் அரையும். மறு விளிம்பிலும் பிடித்தார். அங்கும் அதே அளவு. இரண்டு பக்கமும் ஒத்திருந்தால் வளைவு, ஒவ்வாதிருந்தால் முறுக்கு. முறுக்குண்ட தண்டியைத் திருத்துவது பெரும்பாடு, இது வெறும் வளைவு, பிழைக்கும் என்றார். அடுத்து, குடமும் தண்டியும் சேரும் இடத்திலே மெல்லிய ஓலை நறுக்கு ஒன்றைச் செருகிப் பார்த்தார். உள்ளே போயிற்று! ஒட்டிய வச்சிரம் மழை ஈரத்தால் இளகி, பொருத்து வாய் திறந்திருந்தது. தந்தியின் இழுப்பிலே தண்டி முழுவதுமே அந்த இடத்திற் சற்று நிமிர்ந்துவிட்டது. கண்ணுக்கு ஒரே கோணலாகத் தெரிந்தது உண்மையிலே இரண்டு: ஒன்று மரத்தின் வளைவு, மற்றது பொருத்தின் விலகல். அறுக்கச் சொன்னவரும் சீவச் சொன்னவரும் இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை. பொருத்து விலகியதற்காக மரத்தைச் சீவியிருந்தால், நல்ல மரம் மெலிந்து மறுபடியும் வளைந்திருக்கும்.

இரண்டு மாதம் நிழலிலே, காற்றோட்டமான இடத்திலே, தந்தியின்றிக் கிடத்தினார். ஆடி முடிவிலே நூல் பிடித்தபோது நெல்லும் அரையும் ஒரு நெல்லாகக் குறைந்திருந்தது. உளி இன்னும் எடுக்கப்படவில்லை. பின்பு பொருத்தைத் திறந்து, பழைய வச்சிரத்தைச் சுரண்டி, புதிதாகக் காய்ச்சி இட்டு, கயிற்றாற் கட்டி, கயிற்றுக்குள் ஆப்பு இறுக்கி ஏழு நாள் விட்டார். அடுத்தது வளைவு. மெழுகையும் மெட்டுக்களையும் முற்றாக நீக்கிவிட்டு, நேரான முதிரைக் கட்டை ஒன்றோடு தண்டியைச் சேர்த்துக் கட்டினார். வறுத்த மணலைத் துணியிலே முடிந்து தண்டிமேல் வைத்தார். நோவுக்கு நாம் பிடிக்கும் மணல் ஒத்தடந்தான். மரம் கை பொறுக்குஞ் சூடேறியதும் ஆப்பை ஒரு மயிரளவு தட்டுவார். ஆறவிடுவார். மறுநாள் மறுபடியும். நேர்மட்டத்துக்கு வந்த பின்னும் சற்றே எதிர்ப்பக்கம் வளையும்வரை தட்டிவிட்டு நிறுத்தினார். அவிழ்த்தால் மரம் பழைய இடத்தை நோக்கிக் கொஞ்சம் திரும்பும் என்பது அவர் கணக்கு. திரும்பியது. எஞ்சியது நூலின் பருமனே.

அந்த எச்சத்தைத் தீர்க்க வீணையிலே ஒரு வரம் இருக்கிறது. மெட்டுக்கள் மரத்திலே அறையப்படவில்லை, மெழுகிலே நிற்கின்றன. மேளங்கட்டத் தெரிந்த முதியவர் ஒருவர், மரம் தாழ்ந்த இடத்தில் மெழுகைச் சற்று உயர்த்தி, மெட்டுக்களின் முடிகள் ஒரே வரிசையில் நிற்க வைத்துத் தந்தார். ஒவ்வொரு மெட்டுக்கும் அக்கா பக்கத்திலே இருந்து சுரம் பாடினாள். தண்டி முழு நேராகவில்லை, சுரங்கள் நேராயின. அதற்கு மேலே வேண்டியது என்ன?

மேளங்கட்டுவதற்குமுன் ஆசாரியார் ஒன்று கேட்டார்: தண்டிதான் உள்ளே குடைந்திருக்கிறதே, அதற்குள் ஓர் இரும்புக் கம்பியை இட்டுப் பின்னுக்கு இழுத்தால் என்ன? நாதம் கெடுமோ என்று தாமே ஐயுற்று விட்டுவிட்டார். அவர் எண்ணியதை அமெரிக்கர் முன்பே செய்துவிட்டனர் என்பதை நான் பின்னரே படித்தறிந்தேன். அங்கே பாஞ்சோ என்றொரு நரம்புக் கருவி உண்டு. மேலை ஆபிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுசெல்லப்பட்ட மக்கள், தம் நாட்டு முறையிலே சுரைக்குடுக்கைக்குத் தோல் போர்த்தி, அதனூடே கோலைச் செருகிச் செய்த கருவியின் வழி வந்தது. இன்று அதற்கு மரவளையம், நீண்ட கழுத்து, ஐந்து தந்தி. ஐந்தாவது தந்தி மட்டும் குறுகி, கழுத்தின் நடுவழியிலே முளை கொண்டது. ஆதியிலே குடல்நரம்பு பூட்டினர். பின்பு உருக்குத் தந்தி வந்தது. குடல்நரம்புக்காகச் செதுக்கிய மெல்லிய கழுத்துக்கள் அதன் இழுப்பைத் தாங்காது வளைந்தன. மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரிலே கிப்சன் கம்பனியைச் சேர்ந்த தாடியஸ் மக்கியூ என்பவர், கழுத்தினுள்ளே உருக்குக் கம்பி ஒன்றைப் பதித்து, ஒரு தலையிலே சுரையாணியால் இறுக்கும் முறைக்கு 1921ஆம் ஆண்டு விண்ணப்பித்து 1923இல் உரிமை பெற்றார். தந்தி முன்னுக்கு இழுக்க, கம்பி பின்னுக்கு இழுக்கும். கிற்றாருக்கும் அதுவே பெருவழக்காயிற்று.

அந்தக் கருவியைத் திருத்துவோர் சொல்லும் முறைகளைப் படித்தபோது, எங்கள் ஆசாரியார் ஆங்கிலம் பேசுவதுபோல இருந்தது. முதல் மெட்டிலும் கடைசி மெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடி. அழுத்திய தந்தியே நேர்கோடு. நடுவிலே எவ்வளவு வெளி தெரிகிறது என்று பார் என்பர். தந்தி அதிர இடம் வேண்டுமாதலால் ஒரு மயிரளவு வெளி இருக்கவேண்டும். அதுவும் இல்லையென்றால் எதிர்ப்பக்க வளைவு. சுரையாணியை ஒரே மூச்சிலே திருகாதே. காற்சுற்றுத் திருகிப் பொறுத்திருந்து பார். கம்பியும் முறுக்கைத் தீர்க்காது. கழுத்து வளைந்ததா, அல்லது கழுத்தும் வளையமும் பொருந்தும் கோணம் மாறியதா என்பதை முதலில் தெரிந்துகொள். கம்பியில்லாத பழைய கருவியாயின், சூடேற்றிக் கட்டு. அல்லது மெட்டுக்களைப் பிடுங்கிவிட்டு, அடிப்பாகம் சற்றுத் தடித்த மெட்டுக்களை அறை. ஒவ்வொரு மெட்டும் சிற்றாப்பாகி மரத்தைப் பின்தள்ளும். மெட்டையே ஆப்பாக்கிய அந்த மூளையை எங்கள் ஆசாரியார் கண்டிருந்தால் மெச்சியிருப்பார். எல்லாவற்றுக்கும் மேலாக, குடல்நரம்புக் காலத்துக் கருவிக்கு உருக்குத் தந்தியைப் பூட்டாதே. நைலோன் தந்தி போதும் என்பர்.

இந்தக் கடைசி வார்த்தை நமக்கும் உரியது. வீணைத் தந்தி கிடைக்காதபோது கையிலகப்பட்ட கிற்றார்த் தந்தியைப் பூட்டும் வழக்கம் நம்மிடையே பரவியிருக்கிறது. தந்தி தடித்தால், அதே சுருதிக்கு இழுப்பும் மிகும். அதே பருமன் கிடைக்கும்வரை அந்தத் தந்தியின்றி இருப்பது நல்லது.

மற்றக் காவல் எல்லாம் காற்றையும் ஈரத்தையும் பற்றியது. வாடைக்காலத்திலே மரம் ஈரத்தை உண்டு குறுக்கே பருக்கும். சோளகத்திலே உலர்ந்து சுருங்கும். இரு பக்கமும் ஒத்துப் பருத்தால் தீங்கில்லை. ஒரு பக்கம் மட்டும் ஈரம் ஏறினால் கோணல் தொடங்கும். ஆதலால் வீணையை வெளிச்சுவரோடு அணைத்து வைக்கலாகாது. வெறுஞ் சீமெந்து நிலத்திலும் கிடத்தலாகாது. பலகைமேல் பாயை விரித்து வைக்கலாம். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே அடைத்துவைக்கும். பருத்தித் துணியே தகுதி. வெயில் படும் யன்னலும், மதியத்திலே பூட்டிய மோட்டார் வாகனமும் வீணைக்கு எமன். வச்சிரமும் இளகும், மெழுகும் இளகும். மெழுகு இளகி மெட்டுச் சாய்ந்ததைத் தண்டியின் கோணல் என்று பயந்து, தச்சரிடம் ஓடியவர்களும் உண்டு. நூல் பிடித்தால் உண்மை தெரிந்துவிடும்.

தினந்தோறும் வாசிக்கும் வீணையைத் தளர்த்தவேண்டா. பலநாள் வாசிக்காது வைப்பதாயின் தளர்த்தவேண்டும். முற்றாகத் தளர்த்தினால் குதிரை இடம் பெயரும். மறுபடி ஏற்றும்போது தந்தி அறும். இரண்டு மூன்று சுரம் இறக்கினால் போதும் என்பது அக்காவின் முறை. நான் கண்டவரையில் அதனால் தீங்கு நேரவில்லை.

பாடசாலைகளின் வீணைகளைப் பற்றியே என் கவலை. மார்கழியிலே மூன்றாந் தவணை முடிந்து சங்கீத அறையைப் பூட்டுகிறோம். மாரி ஓயாத மாதம், அடைத்த யன்னல்கள், முழுச் சுருதியிலே நிற்கும் தந்திகள். தையிலே கதவு திறக்கும். பூட்டுகிற நாளிலே பிள்ளைகளைக் கொண்டே ஒவ்வொரு பிரடையையும் இறக்குவிக்கலாம். ஒரு வீணைக்கு ஐந்து நிமிடம் செல்லாது. திறக்கிற நாளிலே, சுருதி கூட்டுவதற்கு முன், தண்டியின் இரு விளிம்போடும் ஒரு நூலைப் பிடித்துப் பார்க்கலாம். நூல் தையற்பெட்டியிலேயே இருக்கும்.